பாறைக்குப் போன மீன்

கோடை முற்றியது. ஆறு அறுந்துபோனது. ஒரே ஓட்டமாக ஓடிய நீர் மேல்மடு, கீழ்மடு என்று இரண்டு துண்டாகி நின்றது. நடுவே மணல். நடுப்பகலில் நண்டுகூடக் கால் வைக்க யோசிக்கும் மணல்.

மடுவைக் குளம் என்று நினைத்துவிடக் கூடாது. குளத்தை யாரோ வெட்டுகிறார்கள். மடுவை ஆறே தனக்காகத் தோண்டிக்கொள்கிறது. ஓடும் காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பள்ளத்தின் நினைப்பே இருக்காது. ஓட்டம் நின்ற பிறகுதான் அதன் அருமை தெரியும்.

மேல்மடுவில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. தகப்பன் பெயர் துடுப்பன். தாய் பெயர் கயல்விழி. மனிதர்களிடையே இந்தப் பெயருக்கு மீன் போன்ற கண் உடையவள் என்று பொருள். நீர்நாய்களிடையே மீனைக் கண்டுபிடிக்கும் கண் உடையவள் என்று பொருள். இரண்டில் எது உபயோகமான பாராட்டு என்று சொல்ல வேண்டியதில்லை.

குட்டிகள் மூன்று. நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு பிறந்தவன் பொட்டன். எதைக் கண்டாலும் மூக்கை நுழைப்பவள் மோப்பி. கடைசியாகப் பிறந்த மிகச் சின்னவள் குமிழி. மூன்றும் நன்றாக நீந்தும். ஆனால் கால்கள் இன்னும் குட்டை. சுடுமணலில் கீழ்மடுவரை நடக்க முடியாது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். நீர்நாய் தன் குட்டியை வாயில் கவ்வித்தான் தூக்கும். ஒரு வாய்க்கு ஒரு குட்டி.

மழை வருவதற்குள் மேல்மடுவில் மீன் தீர்ந்துவிட்டால் கீழ்மடுவுக்குப் போயே ஆக வேண்டும். குட்டிகள் மூன்று. வாய்கள் இரண்டு.

முதலில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினால், அது அந்தக் கரையில் தனியாகக் கிடக்கும். இரண்டைக் கொண்டுபோனால், மூன்றாவது இந்தக் கரையில் தனியாகக் கிடக்கும். எப்படி மாற்றிப் போட்டாலும் ஏதோ ஒரு கரையில் ஏதோ ஒரு குட்டி தனி. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் ஏற்றும் புதிருக்காவது விடை உண்டு. இதற்கு இல்லை. கரையில் தனியாகக் கிடக்கும் குட்டியை மறுபடி பார்த்த தாய் அந்தக் காட்டில் இல்லை.

மடுவின் கரையில் தட்டையாக ஒரு பாறை இருந்தது. அதற்குப் பெருமைப் பாறை என்று பெயர். துடுப்பன் குடும்பத்தில் ஒரு வழக்கம். விடியும்போது பிடிக்கும் முதல் மீன் வாய்க்குப் போகாது. பாறைக்குப் போகும். அதுவும் சின்ன மீனாக இருக்கக் கூடாது. தலை காட்டுப் பக்கமும் வால் ஆற்றுப் பக்கமும் இருக்கும்படி பரப்பி வைக்க வேண்டும். வைத்ததைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்ப்பது மரியாதைக் குறைவு.

ஆறு நிறைந்து ஓடிய காலத்தில் மேலேயும் கீழேயும் வேறு நீர்நாய்க் கூட்டங்கள் இருந்தன. 'இது எங்கள் இடம். இங்கே நாங்கள் செழிப்பாக இருக்கிறோம்' என்று அவர்களுக்குத் தெரிவிக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தக் கூட்டங்கள் எப்போதோ வேறு ஆறுகளுக்குப் போய்விட்டன. செய்தியைப் படிக்க ஆளில்லை. செய்தி மட்டும் தினமும் வெளியாகிக்கொண்டிருந்தது. துடுப்பன் ஒரு விரால் வைப்பான். கயல்விழி ஒரு விரால் வைப்பாள்.

கரையோரம் ஒரு மருத மரம். அதன் வேர்ப் பொந்தில் ஓர் உடும்பு குடியிருந்தது. பெயர் அறவாழி. அறக்கடல் என்று பொருள். யார் வைத்த பெயர் என்று கேட்டால், எல்லோரும் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும். எல்லோரையும் அப்படிக் கூப்பிடச் சொன்னது அதுதான்.

ஒரு நாள் காலையில் அறவாழி கரைக்கு வந்தது.

"துடுப்பா! தண்ணி வத்துற வேகத்தைப் பாத்தியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே."

"பாத்தா போதுமா? செலவைக் குறைக்க வேணாமா? புள்ளைங்க மூணு. வாய் ரெண்டு. இதை நான் வந்தா சொல்லணும்?"

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"வயித்தைக் கட்டு! எல்லாருக்கும் பாதி வயிறு. சாயங்காலம் புள்ளைங்களுக்குச் சேத்து நத்தை பொறுக்கித் தர்றியே, அதை நிறுத்து. நத்தை என்ன தீனியா? வெறும் நாக்கு ருசி!"

"சரி அண்ணே."

"அப்புறம் அந்தச் சறுக்கு!"

மடுவின் ஒரு பக்கம் களிமண் சரிவு. குட்டிகள் நனைந்த உடம்போடு அதில் ஏறும். வயிற்றைத் தரையில் பதித்து வழுக்கிக்கொண்டு 'தொபுக்' என்று தண்ணீரில் விழும். மறுபடி ஏறும். ஓயாமல் ஏறி விழுந்ததில் அந்தச் சரிவு எப்போதும் வெண்ணெய் தடவியது போல ஈரமாகவே இருக்கும்.

"விளையாடினா பசிக்கும். பசிச்சா மீன் போகும். நிறுத்து!"

"சரி அண்ணே. இன்னும் ஏதாவது?"

அறவாழியின் பிளந்த நாக்கு வெளியே வந்தது. பாறைப் பக்கமாக ஒருமுறை துழாவியது. உள்ளே போனது.

"வேற என்ன? குடும்ப மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. அதுல மட்டும் கை வச்சிடாதே. அது போச்சுன்னா மத்தது இருந்து என்ன?"

இவ்வளவு அக்கறையோடு பேசுகிறாரே என்று துடுப்பனுக்குக் கண் கலங்கியது.

அன்றே கட்டுப்பாடு தொடங்கியது. முதலில் எல்லோருக்கும் ஒரு வீரம் இருந்தது. பாதி வயிற்றோடு எழுந்தபோது தாங்கள் பெரிய தியாகிகள் என்று குட்டிகளே நினைத்துக்கொண்டன. மாலை வந்ததும் தியாகம் தளர்ந்தது.

"அம்மா, நத்தை?"

"இல்லை."

"ஒண்ணே ஒண்ணு?"

"இல்லைன்னா இல்லை!"

"அப்ப சறுக்கிட்டு வரட்டுமா?"

"கூடாது!"

"அப்ப என்னதான் செய்யறது?"

"சும்மா இரு!"

சும்மா இருப்பது முனிவர்களுக்கே கடைசியில்தான் கைகூடுகிறது. குட்டி நீர்நாய்க்கு எப்படிக் கைகூடும்? விளையாட்டு இருந்தவரை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மீனை நினைத்த குட்டிகள், இப்போது நாள் முழுக்க மீனையே நினைத்தன. ஓடிக் களைத்துத் தூங்கியவை, இப்போது தூக்கம் வராமல் புரண்டன.

சீக்கிரமே மடுவில் விசித்திரங்கள் நடந்தன. நாணல் புதருக்குள் பாதி கடித்த கெண்டை கிடந்தது. மருத வேரின் கீழே இரண்டு அயிரை அழுகிக் கிடந்தன. யாரோ ஒளித்து வைத்திருந்தார்கள். ஒளித்த இடம் மறந்துபோய் வேறு மீன் பிடித்திருந்தார்கள்.

"யாருடா இது?" என்று கயல்விழி அதட்டினாள்.

பொட்டன் மோப்பியைப் பார்த்தான். மோப்பி பொட்டனைப் பார்த்தாள். பிறகு மோப்பி மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தாள். நேராகப் போய்த் தகப்பனின் மீசையில் மூக்கை வைத்தாள்.

"அம்மா! அப்பா வாயில விரால் வாசனை!"

துடுப்பன் மெதுவாகத் தண்ணீருக்குள் மூழ்கப் பார்த்தான்.

"நில்லுங்க! எப்பத் தின்னீங்க?" என்றாள் கயல்விழி.

"திங்கலை. சோதிச்சுப் பாத்தேன்."

"எதை?"

"மீன் இன்னும் மீனாத்தான் இருக்கான்னு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமை இல்லை. முன்பெல்லாம் தண்ணீருக்குள் தலையை விட்டால் மீன் வந்து முகத்தில் மோதும். இப்போது மடுவை ஒரு சுற்று சுற்றினால்தான் ஒன்று கண்ணில் பட்டது. பட்டினி கிடந்தும் மீன் குறைந்தது. பட்டினி கிடந்ததால் இன்னும் வேகமாகக் குறைந்தது. ஆனாலும் விடியும்போது பாறையில் இரண்டு விரால் தவறாமல் படுத்திருந்தன. அதில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. மரியாதை அல்லவா?

மடுவின் அடிச்சேறு ஓரங்களில் தெரிய ஆரம்பித்தது. அறவாழி மறுபடி வந்தது. அதன் வயிறு தரையில் உரசிக்கொண்டே வந்தது.

"துடுப்பா, இனிமே இங்க இருந்தா எல்லாரும் போயிடுவீங்க. கெளம்புங்க! இப்பவே கெளம்புங்க!"

"மூணாவது குட்டி?"

"அதுக்கு நான் இல்லையா? என் பொந்துல வச்சு என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன். நீ போய்ட்டு நிதானமா வா. அவசரமே இல்லை."

துடுப்பன் மனைவியைப் பார்த்தான். "கயலு, அவர் சொல்றதும் சரிதானே? ரெண்டையாவது..."

"எந்த ரெண்டு?"

துடுப்பனின் பார்வை அவனை அறியாமல் குமிழியின் பக்கம் போய், சட்டென்று திரும்பியது. கயல்விழி அதைப் பார்த்துவிட்டாள். குமிழியும் பார்த்துவிட்டாள்.

அறவாழி போன பிறகு குமிழி தாயின் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, உனக்கு எத்தனை வாய்?"

"ஒண்ணுதான்டி."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் ஒண்ணுதான்."

குமிழி கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கும் ஒரு வாய் இருக்கும்மா. என்னை நானே கவ்விக்கிட்டு வந்துடறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் பிடரியைத் தானே கவ்வ முயன்று, சுற்றிச் சுற்றி, கால் தடுக்கி விழுந்தாள். எழுந்து மறுபடி சுற்றினாள்.

கயல்விழி எழுந்தாள். "இப்பப் போகலை," என்றாள் கணவனிடம். "எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசிக்க என்ன இருக்கு? இதுக்கு மேல எதைக் குறைக்கறது?"

"அதைத்தான் யோசிக்கணும்."

அன்று மாலை அவள் கட்டுப்பாட்டை மீறினாள். சேற்றில் இறங்கி, ஆளுக்கு ஒரு நத்தை கொண்டுவந்து போட்டாள். குட்டிகள் நம்ப முடியாமல் பார்த்தன. பிறகு பல்லில் ஓடு உடையும் சத்தம் கரையெங்கும் கேட்டது. எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"வயித்தைக் கட்டறதுக்கு முந்தி, ஒரு நாளைக்கு என்னென்ன தின்னோம்? யோசிச்செல்லாம் சொல்லக் கூடாது. நெனப்புல எது நிக்குதோ, அதைச் சொல்லுங்க."

"நத்தை!" என்றான் பொட்டன். "கடிச்சா 'டக்'னு உடையுமே, அது!"

"காலையில நீ கொண்டாந்து போடற கெண்டை," என்றாள் மோப்பி. "மூக்குல வச்சா இன்னும் துள்ளும்."

"சறுக்கு!" என்றாள் குமிழி.

"அது தீனி இல்லடி மக்கு!" என்றான் பொட்டன்.

"எனக்குத் தீனிதான்! சறுக்கினா வயிறு ரொம்பிடும்!"

"நீங்க?" என்று கணவனைக் கேட்டாள் கயல்விழி.

துடுப்பன் தொண்டையைச் செருமினான். "சாயங்காலம் நீயும் நானும் ஒரு கெளுத்தியை ஆளுக்குப் பாதியா... அது."

குட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டன.

"சரி," என்றாள் கயல்விழி. "காலையில தின்னு முடிச்சதும் தண்ணியில மல்லாந்து மெதந்துகிட்டு, சும்மா ஒண்ணைப் பிடிச்சு, ஒரு கடி கடிச்சுட்டுத் துப்புவோமே? அதை ஏன் யாருமே சொல்லலை?"

எல்லோரும் விழித்தார்கள். அப்படி ஒன்றைச் செய்வதே அவர்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரும் பசியெடுத்து அதைப் பிடித்ததில்லை. யாரும் அதன் ருசியை அறிந்ததில்லை. பட்டினி தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. நத்தை நின்ற ஏக்கத்தில் இன்னும் கூடியிருந்தது.

"பாறை விராலையும் யாரும் சொல்லலை," என்றாள் கயல்விழி.

"அதை நாம திங்கறதே இல்லையே! எப்படி ஞாபகம் வரும்?" என்றான் துடுப்பன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

துடுப்பனுக்கு முதுகு முடி சிலிர்த்தது. "கயலு! பாறையைத் தொடாதே. அது மரியாதை. அறவாழி அண்ணனே சொன்னார்!"

"அண்ணன் சொன்னதை எல்லாம் வரிசையா நெனச்சுப் பாருங்க. நத்தையை நிறுத்தச் சொன்னார். நத்தை யாருது?"

"குட்டிங்களுது."

"சறுக்கு?"

"குட்டிங்களுது."

"பாதி வயிறு?"

"நம்மளுது."

"அப்ப அவர் தொடாதேன்னு சொன்னது யாருது?"

"அது யாருதும் இல்லை. சும்மா பாறையில கெடக்கும். வெயில் ஏறினதும் போயிடும்."

"வெயிலுக்குப் பல் இருக்கா?"

துடுப்பன் பாறைப் பக்கம் திரும்பப் போய், பாதியில் தலையைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் விடிந்தது. வழக்கம்போல இரண்டு விரால் பாறைக்குப் போயின. வழக்கம்போல இருவரும் திரும்பி நடந்தார்கள். நாணல் மறைவுக்குப் போனதும் கயல்விழி நின்றாள்.

"திரும்பிப் பாருங்க."

"கூடாது கயலு!"

"குமிழிக்காகப் பாருங்க."

துடுப்பன் திரும்பிப் பார்த்தான். அவன் குடும்பத்தில் அப்படித் திரும்பிப் பார்த்த முதல் நீர்நாய் அவன்தான்.

மருத வேரிலிருந்து அறவாழி இறங்கி வந்தது. அவசரப்படவில்லை. தன் வீட்டுச் சமையலறைக்குள் நுழைவது போல நடந்து வந்தது. முதல் விராலைத் தலையிலிருந்து விழுங்கியது. இரண்டாவதை விழுங்குவதற்கு முன் சற்று ஓய்வெடுத்தது. அந்தக் கோடையில் காட்டிலுள்ள எல்லா உயிர்களுக்கும் விலா எலும்பு தெரிந்தது. அறவாழிக்கு மட்டும் கழுத்து எது, வயிறு எது என்று தெரியவில்லை.

துடுப்பன் பல்லைக் கடித்தான். "இப்பவே போய் அவனை..."

"வேணாம்," என்றாள் கயல்விழி. "அரைப்பட்டினி உடம்போட சண்டைக்குப் போறதும் வீண் செலவுதான். நாளையிலேர்ந்து பாறையைக் காலியா விடுங்க. மிதந்துகிட்டுத் துப்பறதும் வேணாம். மத்ததெல்லாம் பழையபடி நடக்கட்டும்."

"நத்தை?" என்றன குட்டிகள், புதருக்குப் பின்னாலிருந்து.

"உண்டு."

"சறுக்கு?"

அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று 'தொபுக்' கேட்டது.

அடுத்த நாள் விடிந்தபோது பாறை வெறுமையாகக் கிடந்தது. துடுப்பன் அந்தப் பக்கம் போகவே கூசினான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நாணலுக்குள்ளேயே நீந்தினான். பார்ப்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள். மீன்கொத்திப் பறவை சிச்சிலி. கிளைக்குக் கிளை செய்தி சுமப்பவள்.

"என்னடி கயலு! பாறை மொட்டையா கெடக்கு? வீட்டுல ஒண்ணும் இல்லையா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

துடுப்பன் தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டான்.

கயல்விழி வாயிலிருந்த கெண்டையை நிதானமாக மென்று விழுங்கினாள். "வீட்டுல இருக்குக்கா. அதனாலதான் பாறையில இல்லை."

சிச்சிலி அலகைத் திறந்தாள். மூடினாள். பறந்துபோய் ஒரு கொக்குக் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். துடுப்பன் தலையை வெளியே எடுத்தபோது வானம் இடிந்து விழுந்திருக்கவில்லை.

நாட்கள் போயின. மழை வரவில்லை. ஆனால் மடுவில் மீன் குறைவது நின்றது போலிருந்தது. யாரும் பட்டினி இல்லை. மாலையில் ஓடுகள் உடைந்தன. பகலெல்லாம் சறுக்கிக் களைத்த குட்டிகள் படுத்ததும் தூங்கின. ஒளித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதோடு, பாறைக்குப் போகாத பெரிய விரால்கள் தப்பிப் பிழைத்து முட்டையிட ஆரம்பித்திருந்தன. நாணல் ஓரம் செந்நிற மீன்குஞ்சுகள் மொய்த்தன.

மெலிந்தது ஒரே ஒருவர்தான்.

அறவாழி ஒரு நாள் பாறைமேல் ஏறி நின்று கத்தியது. "துடுப்பா! இது என்ன அநியாயம்? உங்க குடும்ப வழக்கம் என்ன ஆச்சு?"

"சிக்கனம் அண்ணே! நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"நான் இதைச் சொல்லலையே!"

"ஆமா. இது ஒண்ணைத்தான் நீங்க சொல்லலை."

அறவாழியின் நாக்கு வெளியே வந்தது. இந்த முறை பாறையைத் துழாவவில்லை. சரிவில் விளையாடும் குட்டிகள் பக்கம் நீண்டது.

"புள்ளைங்க நல்லா கொழுகொழுன்னு இருக்கு," என்றது.

கயல்விழிக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து குட்டிகள் சரிவில் இருந்தால் பெரியவர்களில் ஒருவர் கரையில் இருந்தார். ஆனால் எச்சரிக்கையும் ஒரு நாள் கண் அசரும்.

அன்று புழுக்கம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மடுவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய கெளுத்தி வாலடித்தது. துடுப்பன் அதைத் துரத்தினான். அது திமிறியது. கயல்விழியும் உதவிக்குப் பாய்ந்தாள். ஒரு மூச்சு நேரம்தான். இருவரும் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

பொட்டன் சறுக்கி விழுந்தான். மோப்பி சறுக்கி விழுந்தாள். சரிவின் உச்சியில் குமிழி மட்டும் தன் முறைக்கு நின்றாள்.

பின்னால் சருகு நொறுங்கியது.

குமிழி திரும்பினாள். அறவாழி மருத வேரிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தது. உடும்பு மெதுவாக நடக்கும் பிராணி என்று நினைப்பவர்கள் பசித்த உடும்பைப் பார்த்ததில்லை.

"குமிழி!" என்று கீழேயிருந்து பொட்டன் அலறினான். "ஓடு!"

ஓடுவதற்குக் கால் போதாது என்று குமிழிக்குத் தெரியும். மணலைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதையெல்லாம் அவள் கேட்டிருந்தாள். தூக்கிக்கொண்டு போகவும் அங்கே வாய் இல்லை. அறவாழியின் வாய் திறந்தது. உள்ளே வெளிர்ச் சிவப்பாகத் தெரிந்தது. அதன் மூச்சு அவள் முதுகில் பட்டது.

குமிழி வயிற்றைத் தரையில் பதித்தாள்.

அறவாழியின் பற்கள் மூடின. அவற்றுக்குள் களிமண் மட்டும் இருந்தது. குமிழி வழுக்கிக்கொண்டு பாதிச் சரிவைக் கடந்திருந்தாள். அறவாழி விடவில்லை. பாய்ந்தது. உடும்பின் பிடி உலகறிந்த பிடிதான். சுவரில் நிற்கும். மரத்தில் நிற்கும். ஆனால் அந்தப் பிடிக்கும் பிடிக்க ஏதாவது கெட்டியாக வேண்டும். நாள் முழுக்க மூன்று குட்டிகள் நனைத்து வழவழப்பாக்கிய களிமண்ணில் நான்கு காலின் நகங்களும் உழுதுகொண்டு போயின. தலைகீழாக, பக்கவாட்டில், மறுபடி தலைகீழாக உருண்டு, குமிழிக்குப் பின்னாலேயே அறவாழி மடுவில் விழுந்தது.

அந்தச் சத்தம் 'தொபுக்' என்று இல்லை. இடி போல் இருந்தது.

தண்ணீருக்குள் துடுப்பனும் கயல்விழியும் திரும்பினார்கள். கெளுத்தி தப்பியது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பட்டினி கிடக்காத இரண்டு நீர்நாய்கள், தங்கள் சொந்தத் தண்ணீரில், தங்கள் குட்டியைத் துரத்தி வந்தவனைச் சந்தித்தன. என்ன நடந்தது என்பதை விவரிக்க வேண்டாம். அறவாழி எதிர்க்கரையில் ஏறியபோது அதன் வாலில் பாதி இல்லை. திரும்பிப் பார்க்காமல் சுடுமணலில் இறங்கிக் கீழ்மடு இருக்கும் திசையில் ஓடியது. இப்போது அங்கே யாருக்கு அறிவுரை சொல்கிறதோ, தெரியவில்லை.

கயல்விழி குமிழியின் உடம்பை மூக்கால் தடவிப் பார்த்தாள். வால் நுனியில் ஒரு கீறல். வேறொன்றும் இல்லை.

"அம்மா," என்றாள் குமிழி மூச்சிறைக்க. "அந்த மாமாவும் சறுக்க வந்தாரா?"

"சறுக்கை நிறுத்தச் சொன்னதே அவன்தானே!" என்றான் துடுப்பன். சொன்ன பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. அறவாழியின் பேச்சைக் கேட்டு நிறுத்தியதை மறுபடி தொடங்காமல் இருந்திருந்தால் அந்தச் சரிவு இன்றைக்குக் காய்ந்து வெடித்துக் கிடந்திருக்கும். அவன் குமிழியின் அருகே போய் உட்கார்ந்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மேற்கு மேகம் அன்று ஏமாற்றிவிட்டுப் போனது. சில நாள் கழித்து வந்தது ஏமாற்றவில்லை. மணல் நனைந்தது. மணல் மறைந்தது. மேல்மடுவும் கீழ்மடுவும் ஒன்றையொன்று தொட்டன. அறுந்த ஆறு மறுபடி ஒன்றானது.

வெள்ளம் தெளிந்த ஒரு விடியலில் துடுப்பன் பெரிய விரால் ஒன்றைப் பிடித்தான். நேராகப் பெருமைப் பாறைக்குக் கொண்டுபோனான். கயல்விழி புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன, பழைய வழக்கமா?"

"ஆமா," என்றான் துடுப்பன். தலையைக் காட்டுப் பக்கமும் வாலை ஆற்றுப் பக்கமும் வைத்துப் பரப்பினான். பிறகு திரும்பி நடக்காமல் பாறைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்தான். "வாங்க, திங்கலாம். இங்க காத்து நல்லா வருது."

எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். கிளையிலிருந்து சிச்சிலி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் குமிழி, "இப்ப நமக்கு எத்தனை வாய்?"

"அஞ்சு," என்றாள் கயல்விழி. "அஞ்சும் திங்கறதுக்குத்தான்."

செலவைக் குறைக்க நினைப்பவர் ருசித்து நினைவில் வைத்திருப்பதில் கை வைக்காமல், செலவான சுவடே நினைவில் இல்லாததை முதலில் நிறுத்த வேண்டும்.